ஹீலருக்குத் தமிழில் என்ன பேர், தாத்தா?

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பத்து ஆங்கிலச் சொற்களுக்குத் தாய்மொழியில் என்ன சொல் என்று வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும். ஒன்பதை அவள் பாட்டியே அடுக்களையில் இருந்தபடி சொல்லி முடித்துவிட்டாள். பத்தாவது சொல் ‘ஹீலர்’. அது என்னிடம் வந்தது.

“மருத்துவர் என்று எழுதிக்கொள்” என்றேன்.

“அது டாக்டர், தாத்தா. டாக்டர் வேறே, ஹீலர் வேறேன்னு மிஸ் சொன்னாங்க.”

“அப்போ வைத்தியர்.”

“அதுவும் டாக்டர்தானே?”

யோசித்துப் பார்த்தேன். குணப்படுத்துகிறவர் என்று எழுதச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேனே தவிர, எனக்கே அது திருப்தியாக இல்லை. டிப்ளமா படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் நான். மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தம் நோயாளி என்ற முறையிலும், நோயாளிகளை அழைத்துக்கொண்டு ஓடியவன் என்ற முறையிலும்தான். ஆனால் அந்த ஓட்டத்தில் இரண்டு முறை, யாரிடம் ஓட வேண்டும் என்பதில் நான் தவறு செய்திருக்கிறேன். ஒரு தடவை ஓர் உயிர் போயிற்று. இன்னொரு தடவை போகவிருந்தது. அதனால்தான் இந்தச் சொல் என்னை விடவில்லை.

முதலில் எங்கள் ஊரிலிருந்து தொடங்குகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஆயிரம் பேர்கூட இல்லாத கிராமம். டாக்டர் என்று ஒருவர் கிடையாது. ஆனால் உடம்புக்கு வந்தால் போவதற்கு ஆள் இல்லை என்ற பேச்சே கிடையாது. நாடி பார்த்துச் சூரணமும் லேகியமும் கொடுக்க ஒரு சித்த வைத்தியர் இருந்தார். சுளுக்கு வழிக்க ஒரு கிழவர். கைக்குழந்தைக்கு உரம் விழுந்தால் புடவையில் போட்டு உருட்டி எடுத்துக் கொடுக்க ஒரு பாட்டி. பயந்த குழந்தைக்கு மந்திரித்துத் திருநீறு போட ஒருவர். பள்ளிவாசலுக்குப் போய் ஓதிக்கொண்டு வருவதும் உண்டு. அம்மை போட்டால் மாரியம்மன் கோயில் பூசாரி வந்து வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போவார். அந்த வீட்டுக்கு வேற்று ஆள் போகக்கூடாது, அந்த வீட்டுக் குழந்தை வெளியே வரக்கூடாது என்பது அதன் அர்த்தம். தொற்றுநோய்க்காரரைத் தனியே வைப்பது என்று சுகாதாரத் துறை சொல்வதைப் பூசாரி அம்மன் பேரில் சொன்னார்.

இவர்கள் எல்லாருக்கும் மேலே வைத்தீஸ்வரன் கோயில். சுவாமியே வைத்தியர். வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் போட்டுவிட்டு, திருச்சாந்துருண்டையை வாங்கிக்கொண்டு வருவோம். கோயிலுக்குப் போனாலும் வைத்தியரிடம் போவதை யாரும் நிறுத்தியதில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தார்கள்.

சொற்களைப் பார்த்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையைத்தான் சொல்கிறது. மருத்துவர் என்றால் மருந்து தெரிந்தவர். வைத்தியர் என்ற வடசொல்லுக்கு ‘அறிந்தவர்’ என்று பொருள். டாக்டர் என்ற சொல்லோ லத்தீனில் ‘கற்பிப்பவர்’. குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் பரியாரி என்பார்கள், பரிகாரம் செய்கிறவர். ஆங்கில ‘ஹீல்’ என்ற சொல்லோ ‘முழுமை’ என்ற சொல்லோடு பிறந்தது. உடைந்ததை மறுபடி முழுதாக்குவது. நம் செவிலியைப் பாருங்கள். சங்கப் பாட்டில் வரும் செவிலி வளர்ப்புத் தாய். இன்று நர்ஸை அந்தச் சொல்லால்தான் அழைக்கிறோம். எந்தத் தமிழாசிரியர் முதலில் அப்படிச் செய்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

‘மருத்துவர்’ என்ற சொல்லுக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஊரில் மருத்துவர் என்று சொன்னது முடி திருத்தும் குடும்பத்தாரை. கட்டி உடைப்பது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது எல்லாம் அவர்கள் கை வேலை. அவர்கள் வீட்டுப் பெண்தான் மருத்துவச்சி. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பலர் அப்படி ஓர் அம்மாளின் கையில்தான் முதலில் விழுந்தோம். பிரசவ வலி எடுத்தால் நடுராத்திரியில் அவரை அழைத்துவர ஆள் ஓடும். குழந்தை பிறந்து பதினைந்து நாள் ஆனதும் அதே அம்மாள் கொல்லைப்புறம் வழியாகத்தான் வர வேண்டும், திண்ணையில் உட்காரக்கூடாது. தொப்புள்கொடியை அறுத்த கை தீட்டு என்பார்கள். நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் அறுவை செய்பவரும் முடி வெட்டுபவரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கமாக இருந்தார்கள். இன்றைக்கும் அந்த நாட்டு அறுவை மருத்துவரை டாக்டர் என்று கூப்பிடுவதில்லை, மிஸ்டர்தான். அங்கே அவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். இங்கே பெயரை மட்டும் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எலும்பு வைத்தியம் எனக்குப் பிடித்த விஷயம். காரணம், அது எங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்டவாளத்தில் இரண்டு ரெயில் சேரும் இடத்தை இரு புறமும் ஃபிஷ் பிளேட் வைத்துப் போல்ட் போட்டு இறுக்குவோம். நேர்கோட்டில் நிறுத்தி, அசையாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. முறிந்த எலும்புக்கும் அதுவே தேவை. நேராக வைத்து அசையாமல் பிடித்தால் எலும்பு தானே கூடிக்கொள்ளும். நம் தண்டவாளத்துக்கு இல்லாத வசதி அது. ரேணிகுண்டா – அரக்கோணம் பாதையில் இருக்கிற புத்தூரின் கட்டு தென்னாடு முழுவதும் பெயர் பெற்றதற்கு இதுதான் காரணம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை என்று வழிமுறை இருந்தாலும் அடிப்படை அசையாமல் வைப்பதுதான்.

இதைக் கேலியாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் எலும்பு மருத்துவத்தின் தந்தை என்று மதிக்கப்படும் ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891) பரம்பரை எலும்பு கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பட்டம் இல்லாத கட்டு வைத்தியர். பிள்ளையை மருத்துவம் படிக்க வைத்தார். குடும்பக் கைப்பழக்கமும் கல்லூரிப் படிப்பும் சேர்ந்ததில் பிறந்ததுதான் தாமஸ் ஸ்ப்ளின்ட் என்ற சாதனம். அவர் இறந்து பல வருஷம் கழித்து, முதல் உலகப் போரில், தொடை எலும்பு முறிந்த ஏராளமான சிப்பாய்களின் உயிரை அது காப்பாற்றியது. அதே சமயம், கட்டு மிக இறுகி ரத்த ஓட்டம் நின்று கை அழுகிப்போன குழந்தைகளும் உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டாலோ, விரல் நுனி நீலம் பாரித்தாலோ அது நாட்டுக் கட்டுக்குரிய வேலையே அல்ல. நல்ல கட்டு வைத்தியர் அதைப் பார்த்ததும் தொடமாட்டார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். ‘இது என் வேலை இல்லை’ என்று அவர் சொல்வதும் வைத்தியம்தான்.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

1987-ஆம் வருஷம், ஆடி மாதம். நான் சக்ரதர்பூர் டிவிஷனில் பி.டபிள்யூ.ஐ. சாரண்டா காட்டை ஒட்டிய பகுதி. நல்ல மழை. பாதை ரோந்துக்காக நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கேங் குடிசையில் இரவு தங்கினோம். எனக்கு மட்டும் கயிற்றுக் கட்டில், மற்றவர்கள் தரையில். விடியுமுன் என் டிராலிமேன் ஒருவர் எழுந்து வயிறு வலிக்கிறது என்றார். ஹோ இனத்தவர், முப்பது வயது இருக்கும், தேக்குமரம் மாதிரி உடம்பு. முன்கையில் இரண்டு ஊசிக் குத்து போல ஒரு தடம். வீக்கம் இல்லை, வலியும் இல்லை. கொசுக்கடி என்றே நினைத்தேன். மூத்த கேங்மேன் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு ‘கரைத்’ என்றார். நாம் கட்டுவிரியன் என்கிறோமே, அது.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓஜாவை அழைத்து வந்தார்கள். இந்தப் பக்கம் பாம்புக்கடிக்கும் பேய்க்கும் மந்திரிப்பவரை ஓஜா என்பார்கள் என்பது இங்கு இருக்கும் அன்பர்களுக்குத் தெரியும். அவர் ஒரு வெண்கலத் தட்டைக் கடிபட்டவரின் முதுகில் ஒட்டவைத்தார். தட்டு ஒட்டிக்கொண்டால் விஷம் இருக்கிறது, விழுந்தால் விஷம் இறங்கிவிட்டது என்று கணக்கு. மந்திரம் நடந்தது. என் பையில் கண்ட்ரோலுடன் பேசும் போர்ட்டபிள் போன் இருந்தது. கம்பத்துச் சாக்கெட்டில் செருகி ஒரு கூட்ஸ் வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் போதும். நான் செய்யவில்லை. ‘தட்டு விழட்டும் சாயேப்’ என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் ஊர், அவர்கள் காடு, அவர்கள் ஆள். நேற்று வந்த மதராஸி நான் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன். இரண்டு மணி நேரம்.

தட்டு விழுந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் அவருக்கு இமைகள் தாழ ஆரம்பித்தன. தூக்கம் வருகிறது என்று நினைத்தார்கள். பேச்சு குழறியது. அப்போதுதான் போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூட்ஸ் வண்டியின் பிரேக் வேனில் ஏற்றினோம். ஸ்டேஷன் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது. வயிற்று வலி, பிறகு கண் இமை தாழ்வது, கடைசியில் மூச்சு விடும் தசைகள் ஓய்ந்துபோவது என்று போகும். சீக்கிரம் நஞ்சுமுறி ஊசி போட்டு, தேவையானால் இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்தால் பிழைப்பார்கள். தசை முழுவதும் ஓய்ந்த பிறகு ஊசி மட்டும் போதாது. இவையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. ஆனால் எனக்கு அப்போதே தெரிந்த ஒரு விதி இருந்தது. சிக்னல் சந்தேகமாக இருந்தால் அதை அபாயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ரயில்வேயில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக் கொடுக்கிற பாடம். அன்று காலை அந்தப் பாடம் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த ஓஜா ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பைசா வாங்கவில்லை. மழையில் நாலு மைல் நடந்து வந்தார். இறந்தவருக்காக அழுதார். தன் மந்திரத்தை முழுக்க நம்பினார். ஏன் நம்பமாட்டார்? நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடிக்கும். ஆகவே அவரிடம் வந்தவர்களில் பலர் எப்படியும் பிழைத்திருப்பார்கள். அந்தப் பெருமை மந்திரத்துக்குப் போயிருக்கும். இறந்தவர்களுக்கு விதி முடிந்தது என்று சொல்லியிருப்பார்கள். மஞ்சள்காமாலைக்கும் இதே கதைதான். தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். கடைசியாக யார் மருந்து கொடுத்தாரோ அவர் கைராசிக்காரர். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் யாரையும் திட்டிப் பிரயோசனம் இல்லை.

2020-இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்து ஒரே ஊசி நம் நாட்டிலேயே தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் தமிழ்நாட்டு இருளர்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு கடித்தவரைத் தொடாமலே அவரைக் காப்பாற்றுகிற இவர்களை எந்தப் பெயரில் சேர்ப்பது? பேத்தியின் நோட்டில் இவர்களுக்கும் இடம் வேண்டும்.

ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடித்த இடத்தைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை கால் அசையாமல் பார்த்துக்கொண்டு, ஊசி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். மந்திரிக்க ஆசைப்படுகிறவர்கள் வண்டியிலேயே கூட வரட்டும்.

ஓஜாவின் வேலை மந்திரிப்பதோடு நிற்பதில்லை. நோய்க்குக் காரணம் சொல்வதும் உண்டு. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ‘ஏன் எனக்கு?’ என்று நோயாளி கேட்கும் கேள்விக்கு டாக்டரிடம் பதில் இல்லை. கிருமி என்பார், சர்க்கரை என்பார். மந்திரிப்பவரிடம் பதில் உண்டு. கண் திருஷ்டி, செய்வினை, முனி அடித்தது என்பார். அதில் ஒரு ஆறுதலும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பதில் ஒரு ஆளின் பெயராக இருந்தால் என்ன ஆகும்? நம் ஜார்க்கண்டில் அது நடக்கிறது. ஜான் குரு என்பவர் ஒரு விதவையின் பெயரைச் சொல்லி, இவள்தான் ‘டாயன்’, சூனியக்காரி என்பார். பிறகு அடி, அவமானம், கொலைகூட. பீகார் அரசு 1999-இல் இதற்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தது. ஜார்க்கண்ட் பிரிந்தபின் 2001-இல் அதை ஏற்றுக்கொண்டது. சராய்கேலா பக்கத்தைச் சேர்ந்த சுட்னி மகாதோ அம்மாளை 1995-இல் இப்படித்தான் சூனியக்காரி என்று சொல்லி அடித்து விரட்டினார்கள். அவர் ஓடி ஒளியவில்லை. அதே பழிக்கு ஆளான பெண்களைக் காப்பாற்றுவதையே தன் வேலையாக்கிக்கொண்டார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிற ஊர்க்கதை இது.

நம் பக்கம் மட்டும் யோக்கியம் என்று எண்ண வேண்டாம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். பின்னால் அங்கே தர்காவில் ஓதுவதையும் தடுக்காமல், அரசு மனநல மருத்துவர் மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. ‘தவா’வும் வேண்டும், ‘துவா’வும் வேண்டும் என்று அதற்குப் பெயர். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போன என் பாட்டிக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது.

பட்டமில்லாமல் ஊசி போடுகிற ‘ஆர்.எம்.பி. டாக்டர்’ பற்றியும் ஒரு வார்த்தை. நம் அண்டை வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2016-இல் வந்தது. நோயைச் சரியாகக் கையாள்வதில் கொஞ்சம் முன்னேறினார்கள். ஆனால் தேவையில்லாத மாத்திரை கொடுப்பது மட்டும் குறையவில்லை! மாத்திரை விற்றுத்தானே அவர் பிழைக்கிறார். படிப்பைக் கொடுக்கலாம், பிழைப்பை மாற்ற முடியவில்லை.

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நாலு அங்கம் சொல்கிறார். நோயாளி, தீர்க்கிறவர், மருந்து, நாலாவதாகக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர். அந்த நாலாமவரை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவர் யார் என்று உலகத்துக்குக் காட்டிய இடம் இங்கிருந்து ஒரு நாள் ரயில் பயணத்துக்குள் இருக்கிறது: வங்காள எல்லையில் பன்காவ்.

1971 வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தபோது முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற ஸலைன் பாட்டில் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளவாகக் கலந்து, டிரம்மில் தண்ணீரில் கரைத்து வைத்துவிட்டார். ஊட்டுவதற்கு நர்ஸ்கள் போதவில்லை. ஆகவே தாயும் அண்ணனும் மாமியும் குவளையில் மொண்டு மொண்டு கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் போல இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அந்தக் கரைசல் குடித்தவர்களில் நாலு சதவீதத்துக்கும் குறைவாக இறப்பு இறங்கியது. இன்று மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பாக்கெட் வாங்குகிறோமே, அது உலகம் முழுவதும் பரவியதற்கு அந்த முகாம் அனுபவம் பெரிய காரணம். அவர் 2022-இல் காலமானார்; மறு வருஷம் பத்மவிபூஷண் அறிவித்தார்கள். மருந்து அவருடையது. ஆனால் ராத்திரி முழுக்கக் குவளையோடு உட்கார்ந்திருந்தவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

என் இரண்டாவது தவறு இந்த நாலாமவர் வேலையில்தான் நடந்தது.

1996-இல் என் தாயார் எங்களோடு குவார்ட்டர்ஸில் வந்து இருந்தார். வயது எழுபத்தொன்று, சர்க்கரை உண்டு. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஒரு நாள் காலை, “நெஞ்சுல என்னமோ பெசையறாப்பல இருக்குடா. தோள்பட்டை குடையறது. ஒரே ஆயாசமா இருக்கு” என்றார். முந்தின நாள் வீட்டில் மொச்சைக் கொட்டைக் குழம்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹிந்தியில் கேட்டார். நான் இரண்டே வார்த்தையில், “கேஸ் ஹை, சார்” என்றேன். அம்மா சொன்ன மூன்று விஷயத்தையும் நான் ஒன்றாகச் சுருக்கிவிட்டேன். டாக்டர் வயிற்றுக்கு மருந்து எழுதினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் சொன்ன நோய்க்குச் சரியான மருந்துதான் கொடுத்தார்.

மறுநாள் மறுபடி போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன ஒரு மலையாள நர்ஸம்மா நின்றார். “அம்மா, நடந்தால் கூடுதோ? இருந்தால் குறையுமோ?” என்று அவர் தமிழில் கேட்டார். “ஆமாம்மா, வாசல் வரைக்கும் வர முடியலை” என்றார் அம்மா. “கை வரைக்கும் வருதோ? வியர்க்குதோ?” ஐந்தே கேள்வி. நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னார். அரை மணியில் ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள், இருதயம்தான். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். அம்மா அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். வயதான பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் மாரடைப்பு சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக வருவதில்லை, ஆயாசமாகவும் வயிற்றுச் சங்கடமாகவும் வரலாம் என்று அந்த நர்ஸம்மாதான் எனக்கு விளக்கினார்.

வெளியூரில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். கிராமத்தில் வைத்தியருக்கும் நோயாளிக்கும் ஒரே பாஷை. இங்கே நடுவில் ஒரு மகனோ மருமகளோ, பல வீடுகளில் பத்து வயதுப் பேரனோ நின்று மொழிபெயர்க்கிறார்கள். நம் தாய்மார்கள் வலியைச் சொல்லும் விதம் ஒன்றா இரண்டா? குத்துகிறது, குடைகிறது, பிசைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது. ஒவ்வொன்றும் வேறு. தலை கிறுகிறுக்கிறது என்பது வேறு, தலை பாரமாக இருக்கிறது என்பது வேறு, கண்ணை இருட்டுகிறது என்பது வேறு. நாம் எல்லாவற்றையும் ‘தர்த்’ என்ற ஒரே வார்த்தைக்குள் போட்டுவிடுகிறோம்.

அதற்குப் பிறகு நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இடது பக்கம் அம்மாவின் சொல், வலது பக்கம் ஹிந்தி. எரிச்சலுக்கு ‘ஜலன்’. வயிற்றுக் கடுப்புக்கு ‘மரோட்’. தலைச்சுற்றலுக்கு ‘சக்கர்’. மரத்துப்போவதற்கு ‘சுன்ன’. படபடப்புக்கு ‘கப்ராஹட்’ என்றால் பயம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ‘தட்கன் தேஜ்’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிசைவதற்குச் சரியான ஹிந்திச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மாவு பிசைவது போலக் கையால் காட்டுவேன், டாக்டர்கள் புரிந்துகொண்டார்கள். நெஞ்சு, தோள், தாடை, இடது கை என்று எந்த இடமானாலும் ‘கேஸ்’ என்று நாமாகச் சொல்லக்கூடாது என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். நோயின் பேரைச் சொல்வது டாக்டர் வேலை. வலி எப்படி இருக்கிறது என்று சொல்வதோடு நம் வேலை முடிந்தது.

அந்த நோட்டில் இப்போது நூற்று நாற்பது சொற்கள் இருக்கின்றன. பேத்தி அதைப் பார்த்துவிட்டு வங்காளிக்கும் ஒரு வரிசை சேர்க்கலாம் என்று தொடங்கியிருக்கிறாள். அவள் வகுப்புத் தோழி உதவுகிறாளாம். சங்க நூலகத்தில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் நான் இருப்பேன். நகல் வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொல் ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள். திருநெல்வேலி, கோயமுத்தூர்ப் பக்கத்துச் சொற்கள் என்னிடம் குறைவாகத்தான் இருக்கின்றன.